கண்ணாத்தாளிடம் சொல்லாதது

துரைராசு வயலில் பருத்தி வெடித்து வெள்ளையாய்க் கிடந்தது. காவிரியில் ஒழுங்காகத் தண்ணீர் வந்து வருடக்கணக்காகிவிட்டது. குத்தாலம் பாலத்தில் நின்று பார்த்தால் கரைக்குக் கரை மணல்தான். நடுவில் நாய்கள் படுத்திருந்தன. போர்வெல் வைத்திருந்தவர்கள் பருத்தி போட்டார்கள். போர்வெல் இல்லாதவர்கள் வயலைப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். வயலே இல்லாத வாழைக்கொல்லைத் தெருப் பெண்கள் விடியும்போதே தூக்குவாளியோடு பருத்தி எடுக்கப் போனார்கள்.

அமலி பழைய சேலையை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு தன் வரிசையில் நின்றாள். அவளுக்கு அடுத்த வரிசை கண்ணாத்தாளுடையது. யாரும் சொல்லி வைத்ததில்லை. நடவானாலும் களையெடுப்பானாலும் அறுப்பானாலும் இரண்டு பேரும் அடுத்தடுத்துத்தான் நிற்பார்கள். ஒரே வருடத்தில் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ஒருத்தி மாதா கோயிலில் மோதிரம் மாற்றி வந்தவள், ஒருத்தி சங்கக்கொடி முன்னால் மாலை மாற்றி வந்தவள்.

அன்றைக்குக் கண்ணாத்தாள் வந்தாள். அமலியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வரப்பைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் நாகம்மாள் வந்து நின்றாள்.

"என்னக்கா, பேச்சுவார்த்தை இல்லியா?"

"வெயில் ஏறதுக்குள்ள எடு" என்றாள் அமலி. காய்ந்த பருத்திக்காய்த் தோட்டின் நுனி நகக்கண்ணில் குத்தி ரத்தம் வந்தது. பஞ்சில் படாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கஞ்சி நேரத்தில் எல்லோரும் பம்புசெட்டுக் கொட்டகை நிழலுக்கு வந்தார்கள். கண்ணாத்தாள் வரவில்லை. மடியை இறக்கி வைத்துவிட்டு வெயிலிலேயே வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்தாநாளுலேருந்து பச்சத்தண்ணிகூட எறங்கல அதுக்கு" என்றாள் நாகம்மாள், ஊறுகாயை நக்கிக்கொண்டே. "கோயில் வாசல்ல அத்தினி பேரு மத்தியில பெத்த புள்ள கையை இழுத்துக்கிட்டா எந்தத் தாய்க்குத் தாங்கும்?"

அமலி தூக்குவாளியை மூடிவைத்தாள். அந்தக் கூட்டத்தில் அவளும்தான் நின்றிருந்தாள்.

நடந்தது இதுதான். அமலியின் மகன் எல்வின் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினான். கண்ணாத்தாளின் மகன் அறிவுச்செல்வனுக்கும் அவனே விசா பார்த்து அழைத்துக்கொண்டான். அந்த வருடம் பங்குனியில் ஈராக்கில் சண்டை மூண்டது. டீக்கடை டி.வி.யில் குவைத்து வானத்தில் நெருப்புக்கோடு போவதைக் காட்டினார்கள். எஸ்.டி.டி. பூத்தில் எத்தனை தடவை போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. கண்ணாத்தாள் டீக்கடையிலிருந்து நேராகத் தெருக் காளியம்மன் கோயிலுக்கு ஓடினாள். முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தி, "எம் புள்ள உசுரோட வந்து சேந்தா அவனே உன் பூக்குழியில எறங்குவான் தாயே" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அமலி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் செபமாலை சொன்னாள். அவள் பழக்கம் அப்படி.

சண்டை ஓய்ந்தது. வைகாசியில் இரண்டு பிள்ளைகளும் லீவில் வந்து இறங்கினார்கள். காளியம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. பறை முழங்க, பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு அறிவுச்செல்வன் பக்கம் திரும்பினார். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"மன்னிச்சிரும்மா. நான் இயேசுவை ஏத்துக்கிட்டேன். என்னால இது ஆவாது."

பறை நின்றுவிட்டது. கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பி அமலியைப் பார்த்தது. அவளுக்கு எதுவுமே தெரியாது என்பதை நம்ப அங்கே ஒருவரும் தயாராக இல்லை.

பருத்தி எடுத்த அன்று சாயங்காலம் அமலி வேலையிலிருந்து திரும்பியபோது எல்வின் கொல்லையில் உட்கார்ந்து விரால் மீனைச் சாம்பலில் போட்டு உரசிக்கொண்டிருந்தான். குத்தாலம் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்திருந்தான்.

"இதை எதுக்குடா வாங்குனே? தெருவுல காப்புக் கட்டியிருக்குல்ல."

"நமக்கென்னம்மா காப்பு?"

"தீமிதி முடியற வரைக்கும் இந்த வீட்டுல என்னைக்கு மீனு வாசம் வந்திருக்கு? அவங்க நம்ம பெரிய வெள்ளிக்கு மைக்செட்டை நிறுத்தி வக்கிறாங்கல்ல."

எல்வின் மீனைச் சட்டியில் போட்டு மூடினான். அவன் கழுத்தில் செபமாலை கிடந்தது. குவைத்துக்குப் போகும்போது சினிமாப் பாட்டுக் கேசட்டாக அடுக்கி எடுத்துப் போனவன், அங்கே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போய் வேறு ஆளாக வந்திருந்தான். மோசமான ஆளாக வரவில்லை. குடியில்லை, கோபமில்லை. அதனால்தான் அமலிக்கு அவனைத் திட்டவும் வரவில்லை.

"நீதான் அவனுக்குச் சொன்னியா?"

"ஆமாம்மா."

"எதுக்குடா?"

"என்கிட்ட இருந்ததைச் சொன்னேன். கையைப் புடிச்சு இழுக்கல, காசு கொடுக்கல. கேட்டான், சொன்னேன். கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்."

"அவங்க ஆத்தா நேந்துக்கிட்டது தெரிஞ்சப்புறமாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? ஒரு தடவை எறங்கிட்டு வந்துடுறா தம்பின்னு அவன்கிட்ட சொல்லியிருப்பே."

அமலி சிந்திக் கிடந்த சாம்பலைக் கூட்டித் தள்ளினாள். அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"ஊரு பேசுனது உனக்குத் தெரியாது எல்வின்" என்றாள். "உங்க தாத்தா காலத்துல மாதா கோயில் சாமியாரு கோதுமை மாவும் பால்பவுடரும் கொடுத்தாரு. அதை வச்சே எங்களை மாவுக்கு மாறுனவங்கன்னு சொல்லுவாங்க. நான் கல்யாணமாயி வந்த புதுசு. நாத்தங்கால்ல நிக்கிறப்ப, 'ஏ பால்பவுடரு, அந்த நாத்து முடியை எடு'ன்னு கூப்பிடுவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. 'அவளுக்குப் பேரு இருக்கு, அமலின்னு கூப்பிடு'ன்னு ஒருத்திதான் நிமுந்து நின்னு சொன்னா. அவதான் கண்ணாத்தா. அவகிட்ட போயி நான் வேதம் பேசுவேனா? பேசுனா, இதுக்குத்தான் இவ பழகுனான்னு ஆயிடாது?"

"அது சரிம்மா. நீ ஊருக்குப் பயந்தே. அதுக்கு மரியாதைன்னு பேரு வச்சுக்கிட்டே." எல்வின் குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பஞ்சத்துல ஒரு எடத்துல நல்ல தண்ணி ஊறுதுன்னு வச்சுக்க. கண்ணாத்தா அத்தைக்குச் சொல்லாம நீ மட்டும் கொடத்தை மறைச்சு எடுத்துட்டு வருவியா?"

"அவ கொல்லையிலயும் கெணறு இருக்குடா. அதைத்தான் அவ குடிக்கிறா. அதுல தண்ணி இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

வாசலில் சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்த இருதயசாமி தலையை நிமிர்த்தினார். டிராக்டர் ஓட்டுகிறவர், உழவு இல்லாததால் வீட்டில் இருந்தார். "ரெண்டு கெணறும் இருக்கட்டும். கோவிந்தராசு வரான்" என்றார்.

கோவிந்தராசு கண்ணாத்தாளின் புருஷன். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். தோளில் சிவப்புத் துண்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எந்தச் சாமிக்கும் கைகூப்பாதவர். பெண்டாட்டி கோயிலுக்குப் போவதைத் தடுத்ததும் இல்லை, கூடப் போனதும் இல்லை. வந்தவர் வேப்பமரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"காபி போடவா அண்ணே?" என்றாள் அமலி.

"வேணாம் அமலி. அங்க அவ பட்டினி கெடக்கா, எனக்கென்ன காபி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோயில் காரியம் பாக்குற மருதையன் வந்தான் வீட்டுக்கு. புதுசா சட்டம் வந்திருக்காம். ஆசை காட்டி மதம் மாத்துனா உள்ள தள்ளலாமாம். போலீஸ் டேசனுக்கு வந்து நான் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம், மிச்சத்தை அவன் பாத்துக்குறானாம். கூலி உசத்திக் கேட்டப்பல்லாம் என்னை உள்ள தள்ளணும்னு நின்ன பய. இப்ப என் குடும்பம் கெடுதுன்னு கண்ணைக் கசக்குறான்."

எல்வினின் பாஸ்போர்ட்டு, வேலை, எல்லாம் ஒரு கையெழுத்தில் தொங்கியது.

"போட்டீங்களா அண்ணே?"

"போடல. போடமாட்டேன்னும் சொல்லல. யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"மாமா, நான் அவனுக்கு ஆசை காட்டல" என்றான் எல்வின்.

"தெரியும்டா. உன்கிட்ட என்ன இருக்கு ஆசை காட்ட? ஒரு லாரி, அதுவும் அரபியோடது." இருதயசாமி சிரித்தார். கோவிந்தராசு சிரிக்கவில்லை. "எனக்கு உன் சாமியும் கெடையாது, அவ சாமியும் கெடையாது. அறிவுச்செல்வன்னு பேரு வச்சேன், அது இப்படி வெளையும்னு நெனைக்கல. போவட்டும், அவன் புத்தி அவன் பாடு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. எங்க சங்கத்துலயும் நாங்க போயிப் பேசி ஆளு சேக்கிறோம். பேசறது தப்புன்னு நான் சொன்னா என் வாயி அழுகிடும். ஆனா ஒரு வீட்டு ஆம்பளையச் சங்கத்துல சேத்தா, மறுநாளு அவன் வீட்டுல அடுப்பு எரியுதான்னு நாங்க போயிப் பாப்போம். நீ அவன்கிட்ட பேசுனே. அவன் கோயில் வாசல்ல போட்டு ஒடைச்சான். ஒடைஞ்ச ஓடு அவன் ஆத்தா கால்லதான் குத்தியிருக்கு. நீ எட்டிப் பாத்தியா?"

எல்வின் மீன் சாம்பல் ஒட்டிய கையைக் கைலியில் துடைத்தான்.

அமலி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "எந்திரி."

"எங்கம்மா?"

"கண்ணாத்தா வீட்டுக்கு. அவனுக்குச் சொன்னதை அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவளுக்கு முன்னாடி சொல்ல முடியலன்னா, நீ அவனுக்குச் சொன்னதும் தப்புதான்னு நான் நெனைச்சுக்கிறேன்."

குவைத்துப் பணத்தில் எழும்பி, இன்னும் பூசாமல் நின்ற செங்கல் வீடு அது. கண்ணாத்தாள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சாம்பல்கூட அள்ளப்படவில்லை. அறிவுச்செல்வன் எதிர்ச்சுவர் ஓரமாகக் குந்தியிருந்தான். அவனும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அமலி உள்ளே வந்ததும் கண்ணாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கு வந்தே? மிச்சம் யாரை இழுத்துட்டுப் போவணும்?"

அமலி தரையில் உட்கார்ந்தாள். எல்வின் நின்றபடியே ஆரம்பித்தான். "அத்தை, கடவுள் நம்ம எல்லாரையும் எவ்வளவு நேசிக்கிறாருன்னா..."

"பிரசங்கம் வேணாண்டா" என்றாள் கண்ணாத்தாள். "மூக்கொழுகிட்டு எங்கூட்டுல சோறு தின்ன பய நீ. எனக்குப் பிரசங்கம் பண்ணாதே. எம் புள்ளைய என்ன சொல்லி மாத்துனே, அதைச் சொல்லு."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்வின் பேசக் கற்ற வார்த்தைகள் ஒன்றும் அந்த அடுப்படியில் நிற்கவில்லை. அறிவுச்செல்வன்தான் பேசினான்.

"நான் சொல்றேம்மா. சண்டை நடந்தப்ப சைரன் ஊதும். ஊதுனா எல்லாரும் கட்டடத்துக்கு அடியில இருக்கிற ரூமுக்கு ஓடணும். வெஷவாயு வந்துடும்னு சொல்லி எல்லாரும் ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். கரண்டு கெடையாது. ஒவ்வொருத்தனும் அவனவன் சாமியக் கூப்பிடுவான். நானும் கூப்பிட்டேன். பொய் சொல்லலம்மா, நம்ம காளியத்தான் கூப்பிட்டேன். என் உசுரக் காப்பாத்து, என் உசுரக் காப்பாத்துன்னு. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. எல்வின் மட்டும் எனக்குப் பக்கத்துல உக்காந்து வேற மாதிரி வேண்டுனான்."

"விடுடா" என்றான் எல்வின்.

"'கண்ணாத்தா அத்தைக்கு அவங்க புள்ளையத் திருப்பிக் கொடு ஆண்டவரே. ஒருத்தன்தான் போவணும்னா என்னை எடுத்துக்க. எங்கம்மா தாங்கிக்கும், அதுக்குப் பழக்கம். கண்ணாத்தா அத்தை தாங்காது.' இதைத்தாம்மா சொன்னான். உம் பேரைச் சொல்லி. நான் தூங்கிட்டேன்னு நெனைச்சுக்கிட்டான். விடிஞ்சதும் கேட்டேன், எப்படிடா உனக்கு அப்படி வேண்ட வந்துச்சுன்னு. அப்பத்தான் அவன் சொன்னான். நான் கேட்டுத்தான் சொன்னான்."

அமலி மகனைப் பார்த்தாள். எங்கம்மா தாங்கிக்கும். யாரைக் கேட்டுச் சொன்னான் இதை? அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

கண்ணாத்தாள் மகன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உன்னைக் காப்பாத்துனது யாரு? அவன் சாமியா, என் சாமியா?"

"தெரியலம்மா. அந்த மாதிரி வேண்டச் சொல்ற சாமிகிட்ட நானும் போவணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"நான் வேண்டுனது உன் காதுல விழல. அவன் வேண்டுனது விழுந்துச்சு." கண்ணாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். "என் வாயிக்கும் உன் காதுக்கும் நடுவுல கடலு கெடந்துச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

அறிவுச்செல்வன் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். அவள் உதறவில்லை.

"நீ எறங்க வேணாம்" என்றாள். "மனசில்லாம எறங்குறவனைக் காளியும் கேக்க மாட்டா. ஆனா வாயி கொடுத்தவ நானு. நான் எறங்குறேன்."

"இந்த வயசுல வேணாம்மா, காலு வெந்துரும்."

"உன்னை எறங்கச் சொல்லி இனிமே நான் கேக்கல. என்னை எறங்காதன்னு நீ சொல்லாதே. சரிக்குச் சரி." பிறகு அமலி பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பசிக்குதுடி."

அமலி எழுந்து சாம்பலை அள்ளினாள். பயறும் நொய்யும் போட்டுக் கஞ்சி வைத்தாள். எல்வின் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அன்று அந்த வீட்டில் எல்லோரும் கஞ்சி குடித்தார்கள்.

தீமிதி அன்று வெயில் தாழ்ந்தும் காற்றில்லை. வேலமரக் கட்டைகள் எரிந்து தணலாகி, பூசாரி வேப்பிலைக் கட்டால் சாம்பலைத் தட்டிவிட்டிருந்தார். பூக்குழியின் அந்தக் கடைசியில், இறங்கி வருகிறவர்கள் காலை வைக்கப் பள்ளம் தோண்டிப் பாலும் தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். அங்கே நின்று தாங்கிப் பிடிக்க வீட்டுக்கு ஓர் ஆள் நிற்பது வழக்கம்.

எல்வின் வரவில்லை. "என்னால வர முடியாதும்மா, வீட்டுலேருந்து வேண்டிக்கிறேன்" என்றான். அமலி வற்புறுத்தவில்லை. அவள் போனாள். எப்போதும் நிற்கிற இடத்தில், பூவரச மரத்தருகே நின்றாள். விபூதி வாங்கவில்லை, கும்பிடவில்லை. கண்ணாத்தாளைப் பார்க்க நின்றாள்.

பால்பள்ளத்து ஓரமாக அறிவுச்செல்வன் வந்து நின்றான். நெற்றியில் ஒன்றுமில்லை, கையில் காப்பில்லை. மருதையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"நீ இங்க நிக்கக்கூடாது. கும்பிடாதவனுக்குப் பூக்குழிகிட்ட என்ன வேலை?"

"எங்கம்மாவைப் புடிக்க நிக்கிறேன்."

"அதெல்லாம் வேற ஆளு புடிப்பாங்க. போ அந்தண்ட."

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோயில் வாசலை மிதிக்காத கோவிந்தராசு வந்து மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கும்பிடாதவன் ஒருத்தன் இல்ல மருதையா, ரெண்டு பேரு" என்றார். "எம் பொண்டாட்டி நெருப்புல வாரா. அவளைப் புடிக்க எனக்கும் எம் மவனுக்கும் எந்தச் சாமியும் சீட்டு எழுதித் தர வேணாம். இதுக்கும் டேசனுக்குப் போவணும்னா வா, சேந்தே போவோம். உன் கையெழுத்தை நீ போடு. என் கையெழுத்து உனக்குக் கெடைக்காது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரி, "பறையை அடிங்கப்பா" என்றார். மருதையன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனான்.

கண்ணாத்தாள் மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு, வேப்பிலையைக் கையில் பிடித்தபடி வந்தாள். குழியின் விளிம்பில் நின்று ஒரு கணம் தயங்கினாள். தூரத்தில், அனலில் நெளிந்து தெரிந்த இரண்டு உருவங்களைப் பார்த்திருப்பாள் போலும். "தாயே" என்று ஒரு சத்தம். இறங்கிவிட்டாள்.

அமலி கண்ணை மூடிக்கொண்டாள். மாதாவே, அவ காலு, அவ காலு என்றுதான் வாயில் வந்தது. அவளுக்கே தெரியாமல் சத்தமாக வந்தது. பக்கத்தில் நின்ற நாகம்மாள் திரும்பிப் பார்த்தாள். அமலி நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது கண்ணாத்தாள் பால்பள்ளத்தில் நின்றாள். ஒரு கையை மகனும் ஒரு கையைப் புருஷனும் பிடித்திருந்தார்கள். மூன்று பேரில் யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை.

லீவு முடிந்து பிள்ளைகள் இருவரும் திரும்பிப் போனார்கள். அறிவுச்செல்வன் அங்கேயே ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். "வாங்கிக்க. பேரை மட்டும் மாத்திராதே. உங்கப்பா ஆசையா வச்சது" என்று கண்ணாத்தாள் சொல்லி அனுப்பினாள். தெருவில் சில பேர் அமலி வீட்டோடு பேசுவதை விட்டார்கள். சில பேர் விட்டு, பிறகு மறந்துபோய்ப் பேசினார்கள்.

துரைராசு வயலில் இரண்டாம் எடுப்பு வந்தது. உச்சிவெயிலில் மற்றப் பெண்கள் பூவரச நிழலுக்குப் போய்விட, கண்ணாத்தாளும் அமலியும் பம்புசெட்டுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார்கள். கண்ணாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வலது பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலை ஒட்டிக் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, இளஞ்சிவப்பாகக் கிடந்தது.

"அடிப்பாவி. இதோடயா பருத்தி எடுக்குறே?"

"கத்தாதடி. கொப்புளம் வந்தா சுத்தமில்லாம எறங்குனான்னு பேசுவாங்க. அவருக்கும் தெரியாது, புள்ளைக்கும் தெரியாது."

அமலி அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்குவாளியின் மூடியில் இருந்த நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவினாள்.

"நான் காட்டிட்டேன்" என்றாள் கண்ணாத்தாள். "நீ சொல்லு."

"என்னத்தை?"

"உன் மவன் எம் மவனுக்குச் சொன்னான். நீ இத்தினி வருசத்துல ஒருநாளு எனக்குச் சொன்னதில்ல. கோயிலுக்கு வாடின்னு ஒரு வார்த்தை கூப்பிட்டதில்ல. எனக்கெல்லாம் அது எதுக்குன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

அமலிக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். அது இவளுக்கு இப்படிப் பட்டிருக்குமென்று தோன்றியதே இல்லை.

"இழுக்க வந்தேன்னு நீ நெனைச்சுட்டா?"

"இழுத்தா வர்ற ஆளாடி நானு? நான் மாற மாட்டேன். அது வேற. உன்கிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

ஞானோபதேசப் பாடம் அமலிக்கு மனப்பாடம். கடவுள் ஒருவரே, அவர் எங்கும் இருக்கிறார், எல்லாம் அறிவார். அதைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. காலில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னாள்.

"என் மூத்தது செத்துச்சில்ல. பொட்டப்புள்ள."

கண்ணாத்தாள் தலையசைத்தாள். எல்வினுக்கு முன்னால் பிறந்து, தவழும் வயதில் காய்ச்சலில் போன குழந்தை. குழிக்குத் தூக்கிப் போகும்வரை மடியில் வைத்திருந்தவள் கண்ணாத்தாள்தான்.

"பொதைச்சு எட்டாம் நாளு கழிஞ்சு ஒரு மத்தியானம் எந்திரிச்சுப் போனேன். வாய்க்கா அப்ப கரை முட்டிப் போயிட்டிருந்துச்சு. வழியில கோயிலு தெறந்து கெடந்துச்சு, உள்ள ஒருத்தருமில்ல. ஓரமா வியாகுல மாதா இருக்கும். மடியில மவனைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். செத்த மவனை. எத்தினியோ தடவை பாத்திருக்கேன், அன்னைக்குத்தான் பாத்தேன். சாமியப் பெத்தவளுக்கே மடியில புள்ள செத்துக் கெடக்கு. அவ அழுது முடிச்ச மொகத்தோட என்னைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் அப்படியே அவ காலடியில படுத்துட்டேன். எந்திரிச்சப்ப வாய்க்காலுக்குப் போவத் தோணல. வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான் கண்ணாத்தா. மிச்சமெல்லாம் சாமியாரு சொல்லுவாரு. என்கிட்ட இருக்கிறது இதுதான்."

கண்ணாத்தாள் காலை மடியிலிருந்து இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மத்தியானமா?" என்றாள். "உன்னைக் காணலன்னு நான் வாய்க்கா பூரா எறங்கித் தேடுனேண்டி. கோரைக்குள்ள கையை விட்டுத் துழாவுனேன். பொழுது சாயறப்ப நீ வந்து நின்னே. 'எங்கடி போனே'ன்னு கேட்டேன். 'இங்கதான்'னு சொன்னே."

"நீ தேடுனது எனக்குத் தெரியாதே."

"நானும் சொல்லல. சாவப் போயிட்டு மனசு மாறி வந்திருக்கா, கெளற வேணாம்னு விட்டுட்டேன்."

கண்ணாத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அறிவு சொன்னான். அந்த அம்மாவோட புள்ள மூணாம் நாளு எந்திரிச்சிருச்சாமே. நெசமாடி?"

"நெசம்னுதான் நம்புறேன்."

கண்ணாத்தாள் அவளை உற்றுப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது அவளுக்கு. கேட்டுவிட்டாள்.

"உன் புள்ள எந்திரிக்கலியேடி."

"இல்ல" என்றாள் அமலி. எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அடுத்துச் சொன்ன வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும், இருதயசாமியிடம்கூட, சொன்னதில்லை.

"இன்னும் இல்ல."